வலமாகச் சுற்றிய கயிறு

கண்ணுகளா, உங்கள் அம்மா பாய்மரப் படகில் ஏறியிருக்கிறாள் என்று சொன்னால் நீங்கள் இருவரும் நம்ப மாட்டீர்கள். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போதே கண்ணை மூடிக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்கிறவள் அவள். ஆனால் ஏறினாள். நீங்கள் பிறப்பதற்கு முந்தி, நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம். எனக்கு அழகாக எழுத வராது. பத்தாவதோடு ஐ.டி.ஐ. போய்விட்டு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அம்மாவே ஒருநாள் உங்களிடம் இதைச் சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு பகல் இருந்தது. அவ்வளவுதான்.

அம்மா அப்போது தையல் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் லைனில் பாதிப் பேர் போட்டிருந்தது அவள் தைத்த ஜாக்கெட்தான். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் மெஷின் மிதித்தாள். துக்கம் கேட்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே நின்று, "வயித்துப் புள்ளயோட மெஷின் மிதிக்கலாமா? அதான் தங்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. டாக்டர் அம்மாவிடம் உங்கள் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். உங்கள் அம்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மெஷின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டாள்.

மெஷின் மூடிக் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்த மாதமே ஸ்ரீரங்கத்தில் பெரியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்காளும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அம்மா குழந்தையைப் பார்க்கப் போகவில்லை. பெயர் வைத்த அன்றும் போகவில்லை. "தலை வலிக்குதுங்க, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்பாள். நான் போய் நிற்கும்போதெல்லாம் பெரியம்மா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். பிறகு காப்பி கொண்டுவந்து வைப்பார். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. இவள் இனி அக்கா வீட்டுப் படியே ஏறமாட்டாளோ, தன் கை பட்டால் எதுவும் விளங்காது என்றே இருந்துவிடுவாளோ என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல் சார் என்னைத் தேடி வந்தார். புத்தூரில் வீடு. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக முக்கொம்புக்குப் போவார். அங்கே அணைக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரில் விடுவதற்காக ஒரு சின்னப் பாய்மரப் படகு வைத்திருந்தார். கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் அது கவிழ்ந்து கிடக்கும். அவர் வீட்டு கேட்டுக்கு நான் கீல் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கம்.

படகின் முன்பக்கத்தில் ஒரு பாய் உண்டு, முன்பாய். அதுவரை அதைப் பித்தளைக் கொக்கிகளால் ஒரு கம்பியில் மாட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். காற்று அதிகமானால் முன்னே ஓடிப்போய்க் கீழே இறக்க வேண்டும். "முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது தம்பி" என்றார். அதனால் கப்பலில் இருந்த நாளில் வாங்கிப் போட்டிருந்த ஒரு அலுமினியக் குழாயைப் பொருத்தப் பார்த்தார். குழாயின் நீளம் முழுக்க ஒரு காடி, அதாவது ஒடுக்கமான வாயுள்ள பள்ளம். பாயின் ஓரத்தில் ஒரு கயிற்றை உள்ளே வைத்துத் தைத்து, அந்த ஓரத்தைக் காடியில் நுழைத்து மேலே இழுத்தால் பாய் குழாயோடு நின்றுவிடும். குழாயின் அடியில் ஒரு உருளை. அதில் சுற்றிய கயிற்றைப் பின்னால் உட்கார்ந்தபடியே இழுத்தால் குழாய் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பாயும் அதில் சுருண்டுவிடும். முன்னே ஓட வேண்டியதில்லை.

குழாயை நான் பொருத்திவிட்டேன். பாய்தான் தகராறு. தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுத்து ஓரம் வைத்திருந்தார். கயிறு தடிமன். ஒரு முழம் ஏறியதும் சிக்கிக்கொண்டது. இழுத்ததில் தையலும் விட்டுப்போயிற்று. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நானே பிரிச்சுத் தைச்சுப் பாக்கறேன் சார்" என்றேன். அம்மாவை மெஷினில் உட்கார வைப்பதற்கு நான் போட்ட திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

முதல் நாளே அம்மாவிடம் சொல்லி வைத்தேன். "நாளைக்கு வீட்டுக்குப் பாய் வருது. கொஞ்ச நாள் இருக்கும். ஹால்ல இடம் பண்ணணும்."

அம்மா திகைத்துப் போய்ப் பார்த்தாள். "யாரு, உங்க ஒர்க்‌ஷாப் பாயா? வர்றார்னு சொல்லுங்களேன். என்ன மரியாதை இல்லாம வருது, இருக்கும்னு?"

மறுநாள் சாயங்காலம் நான் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது ஹால் பெருக்கியிருந்தது. நல்ல டம்ளர் எடுத்து வைத்திருந்தது. அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"எங்கங்க பாய்?"

நான் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டேன். "இதான்."

அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒன்று. "பாய்க்குக் காப்பியில சக்கரை போடணுமான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாயை விரித்தேன். ஹால் போதவில்லை. கட்டில் மேல் ஏறி, அடுக்களை வாசல் வரைக்கும் போயிற்று. சாக்கு ஊசியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். அம்மா அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேஷன் கடைக்கா அனுப்பப் போறீங்க?"

"ஏன்?"

"மூட்டை தைக்கிற தையல் போடறீங்களே. இந்த ஓரத்துல என்ன இருக்கணும்?"

சொன்னேன். குழாயில் அறுத்த ஒரு சாண் துண்டு என்னிடம் இருந்தது. அதை வாங்கி, காடிக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். "நான் என்னமோ பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரின்னு நெனச்சேன். இல்ல. நாடா உள்ள ஓடணும், இது ஓடக் கூடாது. ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற மாதிரி, கயிறை ஒட்டித் தையல் விழணும்."

"சரியான கயிறு கெடைக்கணுமே. பெரிய கடை வீதியில வாங்கிட்டு வந்த அஞ்சாறு துண்டு வெச்சிருக்கேன். இந்தா, இது காடிக்குள்ள கச்சிதமா போகுது."

"வெறும் கயிறா போகுது. துணி சுத்தினா போகுமா? சட்டை மேல போடற கோட்டுக்கு வெறும் உடம்புல அளவெடுப்பாங்களா?" என்று சொல்லி, பாய் ஓரத்துக்கு வைத்திருந்த நாடாத் துணியில் ஒவ்வொரு கயிற்றையும் சுற்றி, காடிக்குள் விட்டுப் பார்த்தாள். தடிமன் உள்ளே போகவில்லை. மெல்லியது உள்ளே போய், பக்கவாட்டில் இழுத்தால் வாய் வழியாக வெளியே வந்தது. கடைசியில் ஒன்று சொன்னபடி கேட்டது. அதை என்னிடம் நீட்டினாள். "நாடாத் துணியை இன்னிக்கே நனைச்சுக் காயப்போடுங்க. நனைக்காம தைச்சா, அப்புறம் ஆத்துல நனைஞ்சு சுருங்கி, பாய் மூஞ்சியைச் சுருக்கும்."

நனைத்துக் காயப்போட்டேன். அது காய்ந்த நாள் நான் வேலை விட்டு வந்தபோது மெஷின் மேல் போர்வை இல்லை. அம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டையும் ஸ்டூலின் மேல் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மிதிகட்டையைத் தொடவில்லை.

"நீங்க சக்கரத்தைக் கையால சுத்துங்க" என்றாள். "நான் துணியைப் பிடிச்சுக்கறேன்."

மெஷின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்று சக்கரத்தைச் சுற்றினேன். தடித் துணி, ஊசி உடைந்தது, மாற்றினோம். நூலில் மெழுகுவத்தியைத் தேய்த்தாள். "மெதுவா", "நில்லுங்க", "ம்" என்பது தவிரப் பேச்சு கிடையாது. அவள் 'ம்' என்றால் நான் சுற்றுவேன். சாயங்காலம் சாயங்காலமாக இப்படியே முன் ஓரத்தைத் தைத்து முடித்தோம்.

இன்னொரு வேலையும் இருந்தது. பாயைச் சுருட்டி வைத்திருக்கும்போது வெயில் பட்டால் துணி மாவாக உதிர்ந்துவிடுமாம். அதனால் பின் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும், ஒரு பக்கத்தில் மட்டும், நீலத் துணியைப் பட்டையாக வைத்துத் தைக்க வேண்டும். சுருட்டினால் நீலம் வெளியே நின்று வெள்ளையை மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம் என்று கப்பல் சார் சாக்பீஸால் குறி போட்டிருந்தார். அம்மாவுக்கு இதில்தான் ஓயாத பயம். "இந்தப் பக்கம்தானேங்க? நிச்சயமா கேட்டீங்களா?" ஊசி இறங்குவதற்கு முன் ஒவ்வொரு தரமும் கேட்டாள்.

உருளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் போட்டேன். கயிற்றை அதில் சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டாள்.

"என்னங்க இடமா சுத்தறீங்க? புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறோம், வலமா சுத்துங்களேன்."

அவள் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள். மாவாட்டினாலும் வலம், ஆரத்தி சுற்றினாலும் வலம், தொலைந்த செருப்பைத் தேடினால்கூட வீட்டை வலமாகத்தான் சுற்றி வருவாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிரித்து வலமாகச் சுற்றி, அவிழாமல் நூலால் கட்டினேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முக்கொம்பில் தண்ணீர் நிறைந்திருந்தது. "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்க தைச்சதை அவங்க பாக்க வேணாமா?" என்று கப்பல் சார் சொல்லி அனுப்பியிருந்தார். வரமாட்டாள் என்றே நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, "காடியில ஏறுமாங்க?" என்று மட்டும் ஒரு தரம் கேட்டாள்.

ஏறியது. கப்பல் சார் பாயை மேலே ஏற்றும் கயிற்றை இழுக்க, நான் கீழே நின்று ஓரத்தைக் காடிக்குள் ஊட்டினேன். வழுக்கிக்கொண்டு உச்சி வரைக்கும் போயிற்று. அம்மா கரையில் புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். கப்பல் சார் அவளைப் பார்த்துக் கையைத் தட்டினார். "பாத்தீங்களாம்மா! வெண்ணெய்!"

பிறகு சுருட்டிப் பார்க்க உருளைக் கயிற்றை இழுத்தார். பாய் சுருண்டது. ஒழுங்காகத்தான் சுருண்டது. ஆனால் நீலப் பட்டை உள்ளே போய்விட்டது. வெயிலில் பளபளவென்று வெள்ளைத் துணிதான் வெளியே நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். அம்மா மெல்ல என் பக்கம் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பக்கம் மாத்தித் தைச்சிட்டேன்" என்றாள். "நான் தொட்டா இப்படித்தாங்க ஆகும். நான் வந்திருக்கவே கூடாது."

பட்டையைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பி நின்றாள்.

கப்பல் சாருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பாயைத் திரும்பப் பிரித்தார். தன் சாக்பீஸ் குறியைத் தேடினார். குனிந்து உருளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இந்தக் கயிறை யார் சுத்தினது?"

"நான்தான் சார்."

"எந்தப் பக்கமா?"

"வலமாத்தான் சார்."

"ஏன்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "வேற எப்படி சார் சுத்தறது?"

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "யோவ், இதென்ன ரங்கநாதர் கோயில் பிரகாரமா? பட்டை இந்தப் பக்கம் இருந்தா கயிறு இடமா சுத்தணும்யா! கயிறு எந்தப் பக்கமோ அதைப் பொறுத்துத்தான் குழாய் திரும்பும், குழாய் எப்படியோ அப்படித்தான் பாய் சுருளும். நானும் சொல்லல பாரு, மடையன். எவனாவது இடமாத்தானே சுத்துவான்னு நெனச்சிட்டேன்."

அம்மா திரும்பினாள். "சார், அப்ப தையல்?"

"தையலுக்கு என்னம்மா?"

"தையல் தப்பில்லையா சார்?"

"தையல்ல ஒரு குத்தமும் இல்லம்மா. குறி போட்ட பக்கம்தான் போட்டிருக்கீங்க. எம்பது ஊர் பாத்திருக்கேன், இவ்வளவு நேர்த் தையல் பாத்ததில்ல."

"என் கைத் தப்பில்லையா?"

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். என்ன புரிந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டார். "இல்லம்மா. உங்க கைத் தப்பே இல்ல. சுத்தினதைப் பிரிச்சு வேற பக்கம் சுத்தினாப் போச்சு."

நான் படகின் முன்பக்கம் உட்கார்ந்து கயிற்றைப் பிரித்தேன். அப்போது கரையிலிருந்து ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டும் இருந்தாள். ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பில்.

"வலமா சுத்தச் சொன்னதே நான்தான் சார்!" என்றாள். "இவரு பாவம், சரியாத்தான் சுத்திக்கிட்டிருந்தாரு!"

"அப்படிப் போடுங்க!" என்று கப்பல் சாரும் சிரிக்க ஆரம்பித்தார். "பொண்டாட்டி சொன்னா வலம் என்ன, இடம் என்ன? சுத்து தம்பி, சுத்து."

இடமாகச் சுற்றினேன். "முதல்ல நீங்கதான் இழுக்கணும்" என்று அம்மாவைப் படகுக்குக் கூப்பிட்டார். மாட்டேன் என்றாள். பிறகு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள். பாய் உருண்டு உருண்டு சுருண்டது. கடைசிச் சுற்றில் நீலம் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. விட்டாள், விரிந்தது. மறுபடி இழுத்தாள். புது ஸ்விட்ச் கிடைத்த குழந்தை மாதிரி இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் கொஞ்ச தூரம் போய் வந்தோம். காற்று பாயில் விழுந்தபோது படகு சாய்ந்தது. "ரங்கா" என்று என் சட்டையைப் பிடித்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பொன்மலை பஸ் நின்றுகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. "ஸ்ரீரங்கம் போலாமாங்க?" என்றாள்.

மொட்டைக் கோபுரத்தின் மேல் ராஜகோபுரம் கட்டுவதற்குச் சாரம் கட்டியிருந்த வருஷம் அது. அந்தச் சாரத்தின் நிழலைத் தாண்டி, பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். பெரியம்மா கதவைத் திறந்தார். இந்தத் தரம் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா முன்னால் நின்றாள், சேறு படிந்த புடவையோடு.

"வாடி" என்றார் பெரியம்மா. பிறகு, "எங்கடி போய் விழுந்து எழுந்து வர்ற?"

"படகுல போனேன்."

"நீயா?"

குழந்தை பாயில் குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள். நெடுநேரம் தொடவில்லை. பெரியம்மாவும் நானும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அம்மா கையை நீட்டி, குழந்தையின் முதுகில் சாண் போட்டு அளந்தாள். தோள், இடுப்பு, கை.

"இப்பதான் சித்திக்கு அளவெடுக்க வழி தெரிஞ்சுதா?" என்றார் பெரியம்மா. "இன்னும் கொஞ்ச நாள் போனா இவளே கடைக்குப் போய் வாங்கிக்குவா."

"துணி எடுத்து வை. வீட்டுக்குப் போனதும் ரெண்டே நாள்ல மிதிச்சுத் தள்ளிடறேன்" என்றாள் அம்மா.

மிதிச்சு என்றாள். நான் கேட்டேன். பெரியம்மாவும் கேட்டார். டம்ளர் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். டம்ளர் எதுவும் இல்லை.

அம்மா அன்றைக்கு அங்கேயே தங்கினாள். பெரியம்மாவின் புடவையை உடுத்திக்கொண்டு, நனைந்ததைக் கொல்லையில் ஒரு வாளியில் போட்டிருந்தாள். நான் கிளம்பும்போது அதைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதுவரை நான் அவள் புடவை ஒன்றையும் துவைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து, குழாயடியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சோப்புப் போட்டு அலசினேன். சேறு புடவைக் கரையில்தான் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டினேன். பின்பக்கக் கொடியில் அதைப் போட்டு, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டேன். கிளிப் இல்லை. காற்றில் போய்விடாதபடி இரண்டு முனைகளையும் கொடியோடு முடிந்துவிட்டு, அது காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன்.